செரந்தீப்பும் கணனியும்: தற்செயற் கண்டுபிடிப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தீவினை அராபிய மாலுமிகளும் பாரசீகப் புலவர்களும் செரந்தீப் என வழங்கினர். சிங்களத் துவீபம் என்னும் வடமொழித் தொடரின் திரிபே இப்பெயர் என்பது அறிஞர் பலரின் துணிபு. சேரன் தீவு என்பதன் திரிபெனக் கொள்வாரும் உளர். எங்ஙனமாயினும், இப்பெயரிலிருந்து ஆங்கில மொழி 1754ஆம் ஆண்டில் ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்டது. செரண்டிப்பிற்றி என்பது அச்சொல். ஒன்றைத் தேடிச் செல்லும் ஒருவர், தாம் தேடாததும் தேடியதினும் பெறுமதி மிக்கதுமான வேறொன்றைக் கண்டெடுக்கும் பேற்றினை அது குறிக்கும். தமிழில் இதனைத் தற்செயற் கண்டுபிடிப்பு என வழங்கலாம். எனினும் அத்தொடர் அச்சொல்லின் பாதிப் பொருளையே உணர்த்தும் என்பது பின்னர் புலனாகும்.

அறிவு நூலகத்தின் அலுமாரியிலிருந்து கணனியின் திரைக்குப் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், இத்தகைய பேறு இனியும் வாய்க்குமா என்பது பல நாட்டு அறிஞரிடையேயும் எழுந்துள்ள வினாவாகும். கேட்டதை மட்டும் தரும் இயந்திரம் கேளாததை எங்ஙனம் தரும் எனச் சிலர் ஐயுறுவர். கோடிக் கணக்கான பக்கங்களை ஒருங்கே நோக்கவல்ல இயந்திரம் மனிதரின் கண்ணுக்குப் புலனாகாத தொடர்புகளைக் காட்டும் எனச் சிலர் வாதிடுவர். பெருநூலகங்கள் சூழ வாழும் மாணவருக்கு இது வசதி பற்றிய விவாதம் மட்டுமே. வவுனியா நகரை அண்டிய நெளுக்குளம் போன்றதோர் ஊரிலிருந்து ஆய்வு செய்ய முனையும் மாணவருக்கோ இது அடிப்படை வினாவாகும். அவர் அடையக்கூடிய பெரிய அலுமாரி திரையில் மட்டுமே உள்ளது. ஆதலின் இவ்வினாவின் வரலாற்றை நோக்குதல் பயனுடையதாகும்.

சொல்லின் பிறப்பு

ஆங்கில எழுத்தாளர் ஹொறஸ் வோல்போல் 1754 சனவரி 28ஆந் திகதி, புளோரன்ஸ் நகரிலிருந்த தம் நண்பர் ஹொறஸ் மான் என்பாருக்கு எழுதிய கடிதத்திலேயே இச்சொல் முதன்முதல் இடம்பெற்றது. வெனிஸ் நகரக் குடும்பமொன்றின் குலமுத்திரை பற்றிய செய்தியைப் பழைய நூலொன்றில் எதிர்பாராது கண்ட மகிழ்ச்சியை அவர் அதில் தெரிவித்தார். அத்தகைய பேற்றுக்குத் தாம் படித்த கதையொன்றின் தலைப்பிலிருந்து ஒரு பெயரையும் படைத்துக்கொண்டார். அக்கதை செரந்தீப்பின் மூன்று இளவரசர்களைப் பற்றியது. 1557இல் வெனிஸ் நகரிலே இத்தாலிய மொழியில் அச்சாகிய இக்கதைத் தொகுதியின் வேர், அமீர் குஸ்ரோ 1302 அளவிற் பாரசீகத்தில் இயற்றிய எட்டுச் சுவர்க்கங்கள் என்னும் காவியம் வரை செல்கின்றது. வோல்போல் தம் கடிதத்தில் இரண்டு கூறுகளை இணைத்தே இச்சொல்லை விளக்கினார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒன்று தற்செயல், மற்றையது மதிநுட்பம். இவற்றுள் யாதேனும் ஒன்று குறையினும் அப்பேறு நிகழாது.

அவரது கடிதம் 1833இல் அச்சேறிய பின்னரும் இச்சொல் நெடுங்காலம் நூற்பிரியர் சிலரின் வழக்காகவே இருந்தது. வோல்ற்றர் கனன் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் 1945இல் வெளியிட்ட தம் நூலில் ஓர் இயலையே இதற்கு ஒதுக்கினார். சமூகவியலறிஞர் ரொபேட் மேற்றன், எலினோர் பாபர் என்பாருடன் இச்சொல்லின் வரலாற்றை ஒரு முழு நூலாகவே எழுதினார். 1958இல் எழுதி முடிக்கப்பெற்ற அந்நூல் 2002இல் இத்தாலிய மொழியிலும் 2004இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

தமிழ் மரபிலே தற்செயல்

இளவரசர் கதையின் உட்பொருள் தமிழருக்குப் புதியதன்று. அளகாபுரி மன்னன் அளகேசனையும் அவனுடைய நான்கு மந்திரிகளையும் பற்றிய தமிழ்க் கதையில் இதே நிகழ்ச்சி உண்டு. பண்டிதர் நடேச சாஸ்திரியார் துணையுடன் ஆங்கிலத்தில் 1890இல் வெளிவந்த கதைத் தொகுதியொன்றிலும் இது இடம்பெற்றுள்ளது. ஒட்டகத்தை இழந்த வணிகனொருவன் வழியிற் கண்ட நான்கு இளைஞரை வினவுகின்றான். ஒட்டகம் ஒரு கால் நொண்டியா என ஒருவன் கேட்கின்றான். வலக்கண் குருடா என மற்றொருவன். வால் குறுகியதா என மூன்றாமவன். வயிற்று நோய் உடையதா என நான்காமவன். தாம் ஒட்டகத்தைக் காணவேயில்லை என அவர்கள் கூற, வணிகன் அவர்களைக் கள்வரெனக் கருதி அரசனிடம் இட்டுச் செல்கின்றான். அங்கு உண்மை வெளிப்படுகின்றது. மூன்று காலின் சுவடுகளே தெளிவாகப் பதிந்திருந்தன. பாதையின் இடப்பக்க இலைகளே கடிக்கப்பட்டிருந்தன. கொசுக்கடியால் வழிந்த குருதித் துளிகள் நிலத்திற் கிடந்தன, நீண்ட வாலாயின் அது கொசுவை ஓட்டியிருக்கும். முன்னங்காற் சுவடு ஆழ்ந்தும் பின்னங்காற் சுவடு மெலிந்தும் இருந்தன.

அந்த இளைஞர் ஒட்டகத்தைத் தேடிச் சென்றவரல்லர். அவ்வழியே நடந்தது தற்செயல். சுவட்டினைச் சுவடெனக் கண்டது மதிநுட்பம். அதே வழியால் வேறு பலரும் நடந்திருப்பர். அவர்கள் கண்டது புழுதி மட்டுமே.

மதியின் பங்கு சிறிதுமற்ற வெறுந் தற்செயலையும் தமிழ் மரபு தனியே பிரித்துணர்ந்திருந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது பனை வளர் நாட்டில் வழங்கும் பழமொழி. நூலோர் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். இதனினும் நுண்ணியது ஏரலெழுத்து என்னும் உவமையாகும். ஏரல் என்னும் சிற்றுயிர் ஈர மணலில் ஊர்ந்து செல்லும்போது ஏற்படும் கீறல் சிலவேளை எழுத்தின் வடிவிலே அமைந்துவிடும். ஏரல் எழுத்தறியாது, எழுத வேண்டுமென எண்ணியதுமில்லை. அக்கீறல் எழுத்தாவது எழுத்தறிந்த ஒருவர் அவ்வழியே வந்து நோக்கும்போதே. கணனி பற்றிய விவாதத்திற்கு இவ்வுவமை பெரிதும் பொருந்துவதாகும்.

ஏட்டிலிருந்து அட்டவணைக்கு

நவீன காலத் தமிழாய்வின் தொடக்கத்திலேயே இத்தகைய பேறு ஒன்று அமைந்திருப்பதைக் காணலாம். கும்பகோணம் கல்லூரியிற் கற்பித்து வந்த உ. வே. சாமிநாதையர் 1880 ஒற்றோபர் 21ஆந் திகதி சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். முதலியார் அவ்வூருக்கு மாற்றம் பெற்று வந்த நீதிபதி. மரியாதையின் பொருட்டு நிகழ்ந்த சந்திப்பு அது. ஐயர் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணங்களை அடுக்கிக் கூற, முதலியார் சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டா என வினவினார். அவ்வினாவே ஐயரின் வாழ்க்கைப் போக்கை மாற்றியது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையைப் படித்தபோது, அதில் மேற்கோளாக வந்த அடிகள் பல எந்நூலுக்குரியன என்பது விளங்கவில்லை. அவ்வடிகளின் மூலத்தைத் தேடிய முயற்சியில் ஏடுகள் பலவற்றை ஆராய்ந்தபோதே சங்க நூல்கள் அவருக்குத் தோற்றமளித்தன. சிந்தாமணி 1887இலும் பத்துப்பாட்டு 1889இலும் சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் அவரது பதிப்புகளாக வெளிவந்தன.

ஐயரின் செயல்முறையில் இரண்டு கூறுகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஓரிடத்திற் கண்ட அடியைப் பிறிதோரிடத்திற் காணும்போது இனங்காணல் முதலாவது கூறு. இதன்பொருட்டே அவர் சொற்களையும் பெயர்களையும் அகராதி முறையிலே தொகுத்து வைத்தார். அவரது பதிப்புகளின் இறுதியிலுள்ள அரும்பத அகராதிகள் அவ்வுழைப்பின் பயனாகும். இப்பணியை இன்று கணனி கண்ணிமைப்பொழுதிலே செய்துவிடும்; மனிதரினும் திறம்படவே செய்யும். இதனை மறுத்தல் நேர்மையாகாது. இரண்டாவது கூறு, மேற்கோளடியின் பின்னே முழு நூலொன்று மறைந்திருத்தல் கூடும் என ஐயுறுதல். அந்த ஐயம் அட்டவணையிலிருந்து பிறப்பதன்று.

ஐயருக்கு இணையாகப் பதிப்புத் துறையில் உழைத்த யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் பணி மூன்றாவதொரு கூறினை நினைவூட்டுகின்றது. வீரசோழியத்தை 1881இலும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்த அவர், ஏடுகள் எடுக்குமுன்னரே ஒடிந்து உதிரும் நிலையைத் தம் பதிப்புரையிலே பெரிதும் வருந்தி எடுத்துரைத்தார். தற்செயலும் மதிநுட்பமும் வாய்ப்பினும், கண்டெடுப்பதற்குரிய பொருள் அழிந்துவிடின் கண்டுபிடிப்பு இல்லை. வோல்போல் இதனைக் கூறவில்லை. தம் நூலகத்தின் இருப்பு அவருக்கு ஐயத்துக்குரியதாக இருக்கவில்லை. ஈழத்துத் தமிழருக்கோ அது எக்காலத்தும் ஐயத்துக்குரியதாகவே இருந்து வந்துள்ளது.

ஊர்காவற்றுறைப் பகுதியிலுள்ள கரம்பனிலே பிறந்து, பேராதனையிற் கற்பித்த சேவியர் தனிநாயகம் அடிகள் 1950களில் ஐரோப்பிய நூலகங்களிற் செய்த பணியும் இங்கு நோக்கத்தக்கது. 1554இல் லிஸ்பனில் அச்சிடப்பெற்ற தமிழ்க் கார்த்தில்யாவையும், 1679இல் அம்பலக்காட்டில் அச்சாகிய அந்தம் தெ புரோயென்சாவின் தமிழ் – போத்துக்கேய அகராதியையும் தமிழுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் அவரே. வத்திக்கான் நூலகத்திலிருந்த அவ்வகராதி அவரது முயற்சியால் 1966இல் மலேசியாவிலே படிவப் பதிப்பாக வெளிவந்தது. அந்நூல்கள் தொலைந்து போனவை அல்ல. நூற்றாண்டுக் கணக்கில் அலுமாரியிலேயே இருந்தவை. அவற்றின் பெறுமதியை உணரவல்ல தமிழறிந்த கண் அங்கு செல்லாமையே குறை. கார்த்தில்யாவின் தமிழ் உரோமானிய எழுத்திலே அச்சிடப்பெற்றது என்பது கவனிக்க வேண்டியதொன்று. இன்றுங்கூடத் தமிழெழுத்திற் சொல்லொன்றை இட்டுக் கணனியிலே தேடுவோருக்கு, அதனைத் தமிழ் நூலென ஒருவர் முன்னரே பதிந்து வைத்தாலன்றி, அந்நூல் அகப்படாது.

அலுமாரியின் அமைப்பே தற்செயலுக்கு இடமளிக்கலாம் என்பதைத் தெளிவுற உணர்ந்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் ஆவார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமனம் பெற்ற அவர், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வாய்க்க வேண்டும் என்பது மூன்றாம் விதி. வாசகர் நூலைத் தேடுவது போல நூலும் வாசகரைத் தேடுகின்றது என்பது இதன் பொருள். பூட்டிய அலுமாரிகளைத் திறந்துவிட வேண்டும் என அவர் வற்புறுத்தியது இதனாலேயே. தேடிய நூலுக்கு அடுத்துள்ள நூலைக் கை தற்செயலாக எடுக்கும் வாய்ப்பினைத் திறந்த அலுமாரியே தருகின்றது. நூல்களை வரிசைப்படுத்துகையில் நடுவே வாசகர் நாடிய பொருளும், இருமருங்கிலும் அதற்கு ஓரளவு தொடர்புடையனவும், அப்பால் தொடர்பற்றனவும் படிப்படியாக அமைதல் வேண்டுமென அவர் விளக்கினார். 1933இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்புமுறையே எதிர்பாராத நிகழ்ச்சியொன்றின் விளைவாகும். இலண்டனிலே கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டபோது, சில உறுப்புகளைப் பலவாறு பூட்டிப் பற்பல உருவங்களை ஆக்கலாமெனின், சில கூறுகளைப் பலவாறு இணைத்து எல்லாப் பொருட்டுறைகளையும் குறிக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அக்கடையில் அப்பொருளைக் கண்டோர் பலர். நூற்பகுப்பினை நெஞ்சிற் சுமந்து நின்றவர் அவர் ஒருவரே.

இயந்திரத்தின் வருகை

இயந்திரமொன்று இப்பணியிலே துணைபுரியலாம் என்ற எண்ணத்தைப் பரவச் செய்தவர் அமெரிக்கப் பொறியியலறிஞர் வனேவர் புஷ் ஆவார். 1945 யூலையில் வெளிவந்த கட்டுரையொன்றில் மெமெக்ஸ் என்னும் கற்பனை இயந்திரத்தை அவர் விவரித்தார். அகர வரிசையில் அன்றி, மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வகையிலேயே ஆவணங்கள் இணைக்கப்பெறல் வேண்டும் என்பதும், ஒருவர் சென்ற தடத்தைப் பிறரும் பின்பற்றக் கூடியதாக அது பேணப்பெறல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. அவர் கருதிய தடத்தை இடுபவரோ மனிதரேயாவர்.

கணனியால் தொடர்பற்ற துறைகளை இணைக்க முடியுமா என்பதற்குத் தக்கதொரு சான்று 1986இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. டொன் சுவான்சன் என்னும் நூலகவியலறிஞர் மருத்துவக் கட்டுரைத் தொகுதிகள் இரண்டினை ஒப்பிட்டார். மீனெண்ணெய் குருதியின் பிசுக்குமையைக் குறைக்கும் என ஒரு தொகுதி கூறியது. குளிரில் விரல்கள் வெளிறும் ரேனோ நோயுற்றோரிடம் குருதியின் பிசுக்குமை மிகுந்திருக்கும் என மற்றொன்று கூறியது. இவ்விரு தொகுதியினரும் ஒருவர் எழுத்தை மற்றவர் மேற்கோள் காட்டியதில்லை. எனவே மீனெண்ணெய் அந்நோய்க்கு உதவலாம் என்ற முடிவு அச்சிலே இருந்தும் எவருக்கும் தெரியாதிருந்தது. 1989இல் வெளிவந்த மருத்துவச் சோதனையொன்று அவ்வூகத்துக்கு ஆதரவளித்தது. முதற் பேறு சுவான்சனுக்குத் தற்செயலாகவே வாய்த்ததாயினும், அத்தகைய இணைப்புகளைத் திட்டமிட்டுத் தேடும் கணனி நிரலொன்றினைப் பின்னர் நீல் சிமல்ஹைசருடன் சேர்ந்து அவர் உருவாக்கினார். நிரல் நீண்டதொரு பட்டியலைத் தரும். அதில் எது பொருளுடையது என்பதை மருத்துவமறிந்தவரே தெரிந்தெடுத்தல் வேண்டும். ஏரல் ஊர்ந்த கீறல்கள் பல. எழுத்தாக அமைந்தவை சில.

இதனோடு ஒப்பிடத்தக்க முயற்சி தமிழறிஞரிடையேயும் உண்டு. ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளைக் கணனியின் துணையுடன் தொகுத்து, 417 குறியீடுகளைக் கொண்ட சொல்லடைவொன்றினை 1977இல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாகத் தந்தார். எக்குறியீடு எதற்கு முன்னும் பின்னும் வருகின்றது, எத்தனை முறை வருகின்றது என்பவற்றை அது தெளிவுறக் காட்டியது. பின்வந்த ஆய்வாளர் பலருக்கும் அதுவே அடிநிலமாயிற்று. எனினும் அவ்வெழுத்து எல்லோரும் ஏற்கும் வகையில் இன்றுவரை வாசிக்கப்படவில்லை. அடுக்குதல் வேறு, அறிதல் வேறு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இதற்கு மாறாகத் தோன்றும் நிகழ்ச்சியொன்றும் கூறப்படல் வேண்டும். மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவக ஆய்வாளர், நுண்ணுயிர்க் கொல்லிகளை இனங்காணக் கணனியைப் பயிற்றி, 2020இல் ஹலிசின் என்னும் சேர்மத்தைக் கண்டறிந்தனர். அது முன்னர் நீரிழிவுக்கு மருந்தாகுமா என ஆராயப்பட்டது. நுண்ணுயிர்க் கொல்லியாக எவரும் அதனைக் கருதியதில்லை. மனிதர் நோக்காத அலுமாரியில் இயந்திரம் நோக்கியது என இதனைக் கொள்ளலாம். ஆயினும் நுண்ணுயிர்க் கொல்லி வேண்டும் என்ற நாட்டம் முன்னரே இருந்தது. தேடிய பொருள் தேடாத இடத்திற் கிடைத்தது. தேடாத பொருளையே பேறெனக் கண்டுகொள்ளல் இதனின் வேறாகும்.

2022ஆம் ஆண்டின் பின் பரவலாகிய, வினாவுக்கு விடையைத் தானே தொடுத்துரைக்கும் மொழி இயந்திரங்கள் இவ்விவாதத்துக்கு மேலுமொரு சிக்கலைச் சேர்த்துள்ளன. தொலைவிலுள்ள கருத்துகளை அவை எளிதில் அருகருகே வைக்கின்றன, அது பயனுடையதே. ஆனால் விடை எந்நூலின் எப்பக்கத்திலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது; சிலவேளை இல்லாத நூலும் உள்ளதெனக் கூறப்படுகின்றது. பக்கம் மறையும்போது அடுத்த பக்கமும் மறைகின்றது. தற்செயல் வாழும் இடம் அந்த அடுத்த பக்கமே.

தமிழ் நூற்சேகரமும் தேடுபொறியும்

தமிழைப் பொறுத்தவரை இவ்வினா இழப்பின் வரலாற்றோடு பிணைந்தது. 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்திலே தொடங்கிய சிறு நூலகமே வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகமாகி, 1959இல் தனக்கெனக் கட்டடம் பெற்றது. 1981 மே 31ஆந் திகதி இரவு அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அழிந்த நூல்கள் சிலவற்றின் வேறு படிகள் பிறவிடங்களில் இருந்தன. தேடியலைந்து அவற்றைப் பெறலாம். ஆனால் இன்ன நூலை அடுத்து இன்ன நூல் இருந்த அந்த அணிவகுப்பை மீண்டும் பெறல் அரிது. இருப்பதே தெரியாத நூலை எவரும் தேடிச் செல்லார். அலுமாரியில் எதிர்ப்பட்டால் மட்டுமே காண்பர். போரின் இறுதியில், 2009இல், வன்னி மக்கள் பலமுறை இடம்பெயர்ந்து ஈற்றில் வவுனியா மாவட்டத்து முகாம்களிலும் பாடசாலைகளிலும் தங்கியபோது, வீடுகளிலிருந்த நூல்களும் உறுதிகளும் படங்களும் கையெழுத்துப் படிகளும் பெருமளவில் அழிந்தன. அவை எப்பட்டியலிலும் இடம்பெறாதவை.

இப்பின்னணியில் எண்ணிம நூலகங்களின் பணி நோக்கப்படல் வேண்டும். 1998 தைப்பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழிலக்கியங்களைத் தன்னார்வலரின் உழைப்பாற் கணனியேற்றியது. 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எவரும் படிக்கக்கூடிய வகையில் வைத்து வருகின்றது. எரியாத அலுமாரி ஒன்றினை ஆக்கும் முயற்சி எனின் மிகையாகாது.

எனினும் அலுமாரி இருத்தல் வேறு. அதன் முன்னே நின்று உலாவ இயலுதல் வேறு. தமிழில் தேடுபொறிக்குச் சில தடைகள் உள. இலங்கையிலே நீண்டகாலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரை, கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் கணனியின் உள்ளே உரோமானிய எழுத்துகளின் கோவையாகவே பதிந்திருக்கும். ஒருங்குறியிலே தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடுவோருக்கு அது இல்லாத பொருளே. பக்கங்களின் படங்களும் எழுத்தாக மாற்றப்படும்வரை இயந்திரத்துக்கு ஊமைப் படங்களே. பழைய அச்சின் மங்கிய எழுத்தை இயந்திரம் பிழையாக வாசிப்பதும் உண்டு.

நெளுக்குளத்து வினா

நெளுக்குளத்து மாணவர் ஒருவர் தம் ஊரின் வரலாற்றை எழுத முனைகின்றார் எனக் கொள்ளலாம். அண்மையில், பம்பைமடுவில், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் உண்டு. எனினும் பழைய நூல்களும் ஆவணங்களும் நிறைந்த சேகரங்கள் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கொழும்பிலும் கடல் கடந்துமே உள்ளன. எனவே அவர் கணனியிலே ஊர்ப் பெயரை இடுகின்றார். ளகரமும் ழகரமும் மயங்கி நெழுக்குளம் என எவரேனும் எழுதியிருந்தால் அப்பக்கம் தப்பிவிடும். ஆங்கில ஆட்சிக்கால ஆவணங்களிலே தமிழூர்ப் பெயர்கள் செவிக்குப் பட்டவாறெல்லாம் எழுதப்பெற்றுள்ளன. நகரின் பெயரே முன்னர் வவுனியா விளாங்குளம் என வழங்கியது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் இப்பகுதியின் குளங்களையும் குடிகளையும் விரிவாகக் கூறுவது. அதன் இருப்பை முன்னரே அறியாத மாணவர் அதனைக் கேட்கமாட்டார். பழம்பெயரும் புதுப்பெயரும் ஒன்றே என யாரேனும் பட்டியலில் இணைத்து வைத்தாலன்றி, இயந்திரம் இரண்டையும் இரண்டென்றே கொள்ளும்.

மாறாக, இயந்திரத்தின் அறியாமையே பேறாக அமைதலும் உண்டு. ஈழத்துத் தமிழிலே கல்வெட்டு என்னும் சொல்லுக்கு இரு பொருள். கல்லிற் பொறித்த சாசனம் ஒன்று. ஒருவர் இறந்து முப்பத்தொராம் நாளில் உறவினர் வெளியிடும் நினைவு நூல் மற்றொன்று. சாசனம் தேடும் மாணவர் அச்சொல்லை இட, இயந்திரம் பொருள் வேறுபாடறியாது நினைவு நூல்களையும் சேர்த்தே தரும். பொறுமையற்றவர் அவற்றை ஒதுக்கிவிடுவர். மதிநுட்பமுடையவரோ ஒன்றைத் திறந்து பார்ப்பர். அதிலே இறந்தவரின் பூட்டன் எவ்வூரிலிருந்து வந்தார், எக்குளத்தின் கீழ் வயல் செய்தார், எக்கோயிலுக்குத் திருவிழா உபயகாரராக இருந்தார், எவ்வாண்டில் இடம்பெயர்ந்தார் என்னும் செய்திகள் காணப்படும். மன்னர் சாசனம் கூறாத ஊர் வரலாறு அங்கே கிடக்கின்றது. பனம்பழத்தை வீழ்த்தியது இயந்திரம். அதனை எடுத்துப் பயன்கொண்டது மனிதர்.

இதுகாறுங் கூறியவற்றால், கணனி தற்செயற் கண்டுபிடிப்பை ஆக்குமா என்னும் வினாவுக்கு விடை ஒருவாறு தெளிவாகின்றது. வோல்போல் கூறிய இரு கூறுகளுள் தற்செயலைக் கணனி பெருக்க வல்லது. மதிநுட்பத்தைத் தர வல்லதன்று. தாமோதரம்பிள்ளையின் அனுபவம் உணர்த்தும் மூன்றாவது கூறாகிய பொருளின் இருப்போ மனிதரின் உழைப்பையே சார்ந்தது. திட்டமிட்டு ஆக்கிய தற்செயல் தற்செயலாகுமா எனத் தருக்கவியலார் வினவலாம். அதற்கான விடை நெளுக்குளம் என்ற ஊர்ப் பெயரிலேயே உள்ளது. வவுனியா மாவட்டத்து ஊர்ப் பெயர்களிற் பல குளம் என முடிவன. மழையைப் பெய்விக்க அவ்வூர்களின் முன்னோராற் கூடவில்லை. எந்நாளிற் பெய்யுமென அறியவுங் கூடவில்லை. ஆயினும் பெய்யும் மழையை ஏந்தக் குளங்கட்ட அவர்களால் முடிந்தது. ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்தை அடையுமாறு நிலத்தின் சாய்வறிந்து அவற்றைத் தொடராக அமைக்கவும் முடிந்தது.

எண்ணிம நூலகத்தை அமைப்போரின் பணியும் அத்தகையதே. தேடிய பொருளோடு அதனை அடுத்துள்ளவற்றையும் காட்டுதல், ஊர்ப் பெயரின் வேறு வடிவங்களைப் பட்டியலில் இணைத்தல், ஒவ்வொரு விடையோடும் மூலப் பக்கத்தைக் காட்டுதல் ஆகியன அவர் கடன். கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், நினைவுக் கல்வெட்டுகள், சங்கங்களின் அறிக்கைகள் முதலிய எளிய ஏடுகளை இருக்கும்போதே சேர்த்து வைத்தல் ஊரவரதும் மாணவரதும் கடன். இவற்றுட் பின்னையதே அவசரமானது. பட்டியலைப் பின்னரும் திருத்தலாம். நிரலைப் பின்னரும் எழுதலாம். நெளுக்குளத்திலோ அயலூரிலோ பெட்டியொன்றிற் செல்லரித்துக்கொண்டிருக்கும் ஒரேயொரு படி இவ்வாண்டில் அழியுமாயின், அதனைத் தேடுவோருக்கும் அது கிடையாது. தேடாதோருக்கும் அது எதிர்ப்படாது.